மூளையில் ஸ்டெம் செல்கள் இருந்தும் காயம் ஏன் ஆறவில்லை?

கேள்வி: தலையில் அடிபட்டு ஏழு மாதங்களாகியும் அண்ணனின் வலது கை கரண்டியைப் பிடிக்க மறுக்கிறது. மூளையிலேயே, புது செல்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் உண்டாமே, அவை என்ன செய்கின்றன?

மறுமொழி 1: முயல்கின்றன. 1992இல் ரெனால்ட்ஸ், வைஸ் என்ற ஆய்வாளர்கள் வளர்ந்த எலியின் மூளையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். ஆய்வுக்காகப் பக்கவாதம் உண்டாக்கப்பட்ட எலிகளில், மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகளின் சுவரில் பிறக்கும் இளம் நரம்பணுக்கள் காயத்தை நோக்கி நகர்கின்றன. ஆனால் அழற்சி மிகுந்த அந்த இடத்தில் பெரும்பாலானவை சில வாரங்களில் மடிந்துவிடுகின்றன. மனிதரிடம் புது நரம்பணுக்கள் எவ்வளவு பிறக்கின்றன என்பதில், 2018இல் வந்த இரண்டு ஆய்வுகள் நேரெதிர் முடிவுகளைச் சொன்னதால், இன்றும் வழக்கு தீரவில்லை.

மறுமொழி 2: ஸ்டெம் செல் ஊசி விளம்பரங்களை நம்பிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். என் அப்பாவுக்குக் கை திரும்பியது தினமும் செய்த பயிற்சியால்தான். பிழைத்த நரம்பணுக்கள் புது இணைப்புகளை உருவாக்கிக்கொள்கின்றன.

கேட்டவர்: நன்றி. நாளை காலையும் கரண்டியிலிருந்தே தொடங்குகிறோம்.