மலை மீட்பா, மலையிடர் மீட்பா?

வணக்கம் நண்பர்களே,

எங்கள் சொற்பட்டியலில் இப்போது 'military mountain rescue team', அதாவது மலையில் ஆபத்தில் சிக்கியவர்களைத் தேடிக் காப்பாற்றும் படை அணி. இதற்கான தமிழ்ச் சொல் பற்றி ஒருவர் கேட்டிருந்தார்:

> 'இராணுவ மலை மீட்புக் குழு' என்று நேராகவே போட்டால் போதாதா?

போதாது என்பது என் கருத்து. கொழும்பில் தமிழ்ப் பேப்பர் படிக்கிற யாரிடமாவது இதைக் காட்டிப் பாருங்கள், இராணுவம் சண்டை பிடித்து ஏதோ ஒரு மலையைத் திரும்பக் கைப்பற்றியது என்றுதான் நினைப்பார்கள். போர்க்காலச் செய்திகள் எங்களை அப்படிப் பழக்கிவிட்டன.

இப்படியான மீட்பு அணிகள் செய்த வேலையை வைத்தே யோசிப்போம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையின் விமானங்கள் முகிலுக்குள் வழி தவறி வட வேல்ஸ் மலைகளில் மோதின. விழுந்தும் உயிர் தப்பியவர்கள் ஆள் வந்து சேருமுன் காயத்தாலும் குளிராலும் செத்தார்கள். ஜோர்ஜ் கிரஹாம் என்ற படை வைத்தியர், மலையேறத் தெரிந்தவர், முகாமில் கிடைத்த ஆட்களைச் சேர்த்துக்கொண்டு தேடப் போகத் தொடங்கினார். 1943இல் அது முறையான சேவையானது. ஆனாலும் 1951 மார்ச்சில் ஸ்கொட்லாந்தின் பெய்ன் எய் மலையில் லங்காஸ்டர் விமானம் விழுந்து எட்டுப் பேரும் இறந்தபோது, பனி உறைந்த அந்தச் செங்குத்தில் ஏற அணியிடம் போதிய பயிற்சியும் இல்லை, தகுந்த சாமானும் இல்லை. கடைசி உடலை இறக்க ஓகஸ்ட் ஆகிவிட்டது. குளிர்கால மலையேற்றப் பயிற்சியை ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

இது எங்களுக்குத் தூரத்துக் கதையும் இல்லை. 1974 டிசம்பர் 4 அன்று ஹஜ் யாத்திரிகர்களோடு கொழும்புக்கு வந்துகொண்டிருந்த மார்ட்டின்எயார் விமானம் மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் போனார்கள். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மண் சரிந்து மூடியபோது தோண்டப் போனதும் இராணுவம்தான். அந்தச் செய்தியை எழுதுகிறவருக்கு, வாசகர் ஒருமுறை வாசித்ததும் விளங்குகிற சொல் வேண்டும்.

ஆகவே 'மலையிடர் மீட்பு அணி' என்பதை முன்வைக்கிறேன். 'இடர்' இங்கே ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல், இடர் முகாமைத்துவ நிலையத்தின் பெயரிலேயே இருக்கிறது. இடரிலிருந்து மீட்பது என்று வந்துவிட்டால் மலையைப் பிடிக்கிற பொருள் தானாக விலகிவிடும். படையைச் சேர்ந்தது என்றால் முன்னால் 'விமானப்படை', 'இராணுவ' என்று போடலாம். 'மீட்பணி' என்று மட்டும் தயவுசெய்து ஒட்ட வேண்டாம், மீட்புப் பணி என்று வாசித்துவிடுவார்கள்.

அப்புறம், சொற்பட்டியலில் அடுத்ததாக இருக்கும் 'ஸ்ட்ரெச்சர்' என்ற சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே விடுவோம். தோட்டத்து ஆஸ்பத்திரியிலும் அதுதான் பேச்சு.