புதுப்பிப்பு: சித்திர ரீச்சர் இல்லாத எங்கள் பள்ளிக்கூடம்

போன பள்ளித் தவணையில் எழுதியிருந்தேன்: முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருக்கிற எங்கள் பள்ளிக்கூடத்தில் 6ஆம் தரத்திலிருந்து சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் என்று ஏதாவது ஒன்றைப் பிள்ளைகள் எடுத்தே ஆகவேண்டும், ஆனால் படிப்பிக்க ஒருவரும் இல்லை, பல்கலைக்கழக நுண்கலை மாணவர்களைக் கூப்பிட்டால் என்ன என்று.

சரி, வந்தார்கள். முதல் தடவை ஒருநாள் பட்டறை, பனர், குரூப் போட்டோ, பிறகு ஆளைக் காணோம். எனக்குச் சரியான கோபம். அதிபர்தான் பொறுமையாகப் பேசி, இரண்டு கிழமைக்கு ஒருக்கா சனிக்கிழமை, தவணை முழுக்க என்று கேட்டு வாங்கினார். அவர்களுக்கும் அது படிப்பில் செய்முறைப் பயிற்சியாகக் கணக்கில் சேருமாம். நிலைத்ததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் எதிர்பார்க்காதது, மூன்றாவது சனிக்கிழமை கூத்துப் பழக்குகிற ஊர் அண்ணாவியார் மத்தளத்தோடு வந்து உட்கார்ந்தது. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்து அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பல்கலைக்கழகப் பிள்ளைகள் கொப்பியை மூடிவிட்டு, எங்கள் பெடியளோடு வரிசையில் நின்று அவரிடம் ஆட்டம் பழகினார்கள்.

பஸ் காசும் சாப்பாடும் பழைய மாணவர் பொறுப்பு. வர்ணப் பெட்டிகள்தான் இன்னும் போதாது.