சங்கக் கூட்டம்னா குறை மட்டும்தான் பேசுதாங்க, பலத்துல இருந்து தொடங்குவது எப்படி?

கேள்வி (சேரன்மகாதேவி): பத்தமடைப் பக்கம் கோரைப்பாய் நெய்யும் பெண்கள் குழு, முப்பது பேர். கூட்டம் போட்டா கோரை சரியில்ல, கூலி காணாதுன்னே முடிஞ்சிருது. அடுத்து என்ன செய்யலாம்னு யாரும் பேச மாட்டேங்காங்க. நல்லா நடக்குறதைத் தேடிப் பிடிச்சு வளர்க்கிற முறையை இங்க எப்படி நடத்த?

பதில் (பாளையங்கோட்டை): டேவிட் கூப்பர்ரைடர், சுரேஷ் ஸ்ரீவஸ்த்வாங்கிற ரெண்டு நிர்வாகவியல் ஆய்வாளர்கள் 1987-ல் எழுதிய கட்டுரையில இருந்து வளர்ந்த முறை அது. கண்டறிதல் (நல்லா நடந்ததைத் தேடுறது), கனவு (இனி எப்படி இருக்கணும்னு பேசுறது), வடிவமைப்பு (அதுக்குத் திட்டம் போடுறது), நிலைநிறுத்தல் (அதைத் தொடர்ந்து நடத்துறது)னு நாலு கட்டம். உயிர் முதல் கட்டத்துலதான் இருக்கு, பாதி நேரத்தை அதுக்கே கொடுங்க.

ரெண்டு ரெண்டு பேரா உட்கார வைங்க, ஆளுக்கு இருபது நிமிஷம். ‘குழுவுல என்ன நல்லாருக்கு?’ன்னு கேட்டா ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ன்னு வாயை மூடிக்கிடுவாங்க. இப்படிக் கேளுங்க: ‘நீங்க நெய்ததுல உங்களுக்கே மனசு நிறைஞ்ச பாய் எது? அதுக்குக் கோரை எங்க வாங்குனது, எத்தனை நாள் ஊறுச்சு, கூட உட்கார்ந்தது யாரு?’ சபையில அதை எடுத்துச் சொல்ல வேண்டியது கேட்டவங்க. தன் வேலையை அடுத்தவ வாயால கேட்கும்போதுதான் கூச்சம் போகும்.

வடிவமைப்புல ‘தரத்தை உயர்த்துவோம்’னு எழுதினா ஒண்ணும் நடக்காது. யாரு, எதை, எந்தத் தேதிக்குள்ள. அது போதும்.

பதில் (அம்பாசமுத்திரம்): அண்ணாச்சி சொன்னது சரி. ஆனா கூலி பாக்கி இருந்தா முதல்ல அதுக்குத் தேதி சொல்லிட்டு உட்காருங்க. ‘கோரை சரியில்ல’ங்கிறதை ‘நல்ல கோரை வந்த மாசம் என்ன செஞ்சோம்?’னு திருப்பலாம். கூலி பாக்கியைப் பத்தின பேச்சை அப்படித் திருப்பக் கூடாது. திருப்பினா, குறையை அமுக்கத்தான் இந்தக் கூட்டம்னு நினைச்சு அடுத்த தடவை வாயே திறக்க மாட்டாங்க.

பதில் (தென்காசி): இன்னொரு வழியும் இருக்கு. 1990-களின் தொடக்கத்துல வியட்நாம் கிராமங்கள்ல பிள்ளைகளோட ஊட்டக்குறைவைக் குறைக்கப் போன ஜெரி ஸ்டெர்னின், மோனிக் ஸ்டெர்னின் தம்பதி, ஏழை வீடுகள்லயே ஊட்டமா வளர்ந்த பிள்ளைகளைத் தேடினாங்க. அந்தத் தாய்மார் வயல்ல கிடைச்ச குட்டி இறாலையும் நண்டையும் சோத்துல சேர்த்திருந்தாங்க.

உங்க குழுவுலயும் அதே கோரை, அதே தறி, ஆனா கழிவு குறைவா வர்றவங்க யாருன்னு பாருங்க. அவங்களுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லைன்னு முதல்ல உறுதி பண்ணுங்க. மேடையேத்திப் பொன்னாடை போடாதீங்க, மத்தவங்க விலகிருவாங்க. அவங்க தறியில பக்கத்துல உட்கார வச்சு, கையால செய்ய விடுங்க.

கேட்டவர்: பாக்கி ரெண்டு மாசம் இருக்கு, தேதி சொல்லிருதேன். மாமியாரும் மருமகளும் ஒரே குழுவுல இருக்காங்களே?

பதில் (பாளையங்கோட்டை): ஒரே ஜோடியில போடாதீங்க. மருமக பேசுறதை மாமியார் சபையில, அடுத்தவங்க வாயால கேட்கட்டும்.