காசே இல்லாமல் இன்கா அரசு எப்படி ஓடியது?

மலைக்காகம்:
பெருவின் இன்கா பேரரசைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாணயம் கிடையாது, தலைநகர் கூஸ்கோவில்கூடக் கடைவீதி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லையாம். அப்புறம் படைக்கு யார் சோறு போட்டது, மலையைக் குடைந்து சாலை போட்டவனுக்கு என்ன கூலி? தேடினால் எல்லோரும் 'பண்டமாற்று' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
பண்டமாற்று இல்லைங்க. அரசு வரியாக விளைச்சலைக் கேட்கவில்லை, ஆள் உழைப்பைக் கேட்டது. அதற்கு மிட்டா என்று பெயர். ஒவ்வொரு உறவுக் கூட்டத்துக்கும் (அய்யு என்பார்கள்) தனி நிலம் உண்டு, அதில் விளைவது அவர்களுக்கே. அரசர் நிலத்திலும் சூரியக் கோயில் நிலத்திலும் முறை வைத்துப் போய் உழைக்க வேண்டும், அந்த நாட்களில் சாப்பாடும் மக்காச்சோளக் கள்ளும் அரசு செலவு. அங்கே விளைந்தது கொல்க்கா என்கிற களஞ்சியங்களுக்குப் போகும். இன்றைய பொலிவியாவின் கோச்சபம்பா பக்கம் ஒரே இடத்தில் சுமார் 2,400 இருந்தன. பெருவின் மலைப்பகுதியில் இருந்த இன்கா நகரம் வுவானுக்கோ பம்பாவில் கிட்டத்தட்ட 500, காற்று வாங்கும்படி மலைச்சரிவில் வரிசை வரிசையாக; வட்டமானதில் ஜாடிகளில் மக்காச்சோளம், நீள்சதுரத்தில் வைக்கோல் பரப்பி உருளைக்கிழங்கு. இரவுப் பனியில் உறையவைத்து, காலால் மிதித்துத் தண்ணீரை எடுத்து, வெயிலில் காயப்போட்ட கிழங்கு (சூன்யோ) வருடக்கணக்கில் கெடாது. படை நடக்கிற வழியெல்லாம் இது கையிருப்பு.

பொடிமட்டை:
எல்லாம் சரி, ஆனால் இதைக் காட்டி 'அந்தக் காலத்துச் சோஷலிசம்' என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன். கலகம் செய்யக்கூடிய ஊர்களைக் குடும்பம் குடும்பமாகப் பெயர்த்துத் தொலைதூரத்தில் குடியேற்றினார்கள். சிறுமிகளைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோய் மதில்களுக்குள் வைத்துத் துணி நெய்யவும் கள் காய்ச்சவும் விட்டார்கள். அந்த உயர்ரகத் துணி உள்ளூர்த் தலைவனுக்குப் பரிசாகப் போகும், அவன் அடுத்த வருடமும் ஆள் அனுப்புவான். காசு இல்லை என்பதால் சுரண்டல் இல்லை என்று ஆகிவிடாது.

கடலோடி:
வியாபாரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. வடக்கே எக்குவடோர்ப் பக்கம் மிந்தலா என்ற வணிகர்கள் இருந்தார்கள், இன்கா ஆட்சியிலும் அவர்கள் தொழில் நின்றுவிடவில்லை.

மலைக்காகம்:
எழுத்தே இல்லாதவர்கள் இத்தனை கணக்கையும் எப்படி வைத்தார்கள்? முடிச்சுக் கயிறுதான் என்றால், அதை நம்பலாமா?

ஏட்டுச்சுரைக்காய்:
கீப்பு என்ற முடிச்சுக் கயிறுதான், பத்தின் மடங்கில் எண்ணுவது. நம்பலாமா என்று கேட்டீர்களே, கோர்ட்டே பார்த்திருக்கிறது. இன்கா நாட்டைப் பிடித்த ஸ்பானியத் தளபதி பிசாரோவின் ஆட்கள் 1533 முதல் பெருவின் ஹவுஹா ஊர்க் களஞ்சியங்களிலிருந்து வாங்கிக்கொண்ட லாமா, மக்காச்சோளம், துணி எல்லாவற்றையும் அந்தப் பகுதியின் 'வாங்கா' இனத் தலைவர்கள் கயிற்றில் முடிந்துவைத்து, 1561இல் லிமாவில் ஸ்பானிய நீதிமன்றத்தின் முன் வாசித்துக் காட்டினார்கள். தாங்களாகக் கொடுத்தது தனி, ஸ்பானியர்கள் கொள்ளையடித்தது தனி.