கலைச்சொல்: கரைத்தொற்றா, இளக்கொற்றா?

கோலாலம்பூரிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். போட்டோஸ்டாட் தாளின் பின்புறம் அசிட்டோன் என்னும் கரைப்பானைத் தடவி, அதிலுள்ள படத்தை ஓவியத்தாளுக்குக் கொண்டுவரும் முறைக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும். பயிற்சிக் குறிப்பில் 'கரைப்பான் மாற்று அச்சு' என்று போட்டிருக்கிறேன். நீளம் உறுத்துகிறது. 'கரைத்தொற்று' என்று சுருக்கலாமா?

பினாங்கிலிருந்து:

தம்பி, 'கரைத்தொற்று' வேண்டாம். கரைத்து, ஒற்று என்று நீங்கள் பிரித்தாலும் படிப்பவர் கண்ணுக்குத் 'தொற்று'தான் தெரியும், நோயின் பெயராகிவிடும். 'கரைப்பொற்று' என்றால் அது தீரும். ஆனால் 'கரை' என்ற வேரே இங்கே பொருந்தவில்லை.

டோனர் என்பது நிறமி கலந்த பிளாஸ்டிக் பொடி. போட்டோஸ்டாட் பொறியின் சூட்டில் உருகித் தாளில் ஒட்டியிருக்கிறது. கரைப்பான் பட்டதும் இளகிப் பிசுபிசுக்கும். அந்த நொடியில் அழுத்தினால் கீழே இருக்கும் தாளின் இழைகளைப் பற்றிக்கொள்ளும். முழுக்கக் கரைந்தால் படம் ஓடிவிடும். எழுத்தோரமெல்லாம் மீசை முளைத்ததுபோல் மங்கும். கரைவது இந்த வேலையில் பழுது. இளகுவதுதான் வேலை. அதனால் 'இளக்கொற்று'.

செய்முறையோடு ஒட்டிப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள பருத்தித்தாள்மேல் படத்தைக் கவிழ்த்து, ஒரு விளிம்பை மட்டும் டேப்பால் ஒட்ட வேண்டும். பஞ்சை நனைத்துப் பிழிந்து உள்ளங்கை அளவுக்கு ஒற்றி, உடனே கரண்டியின் முதுகால் தேய்க்க வேண்டும். அசிட்டோன் 56 டிகிரி செல்சியசில் கொதிப்பது. நம் வெக்கையில் தலைக்குமேல் மின்விசிறி சுழன்றால் தேய்க்குமுன் பறந்துவிடும், படத்தில் வெள்ளைத் திட்டுகள் விழும். அசிட்டோனுக்குப் பதில் விண்டர்கிரீன் எண்ணெய் தடவினால் மெதுவாக உலரும். ஏ4 தாளை முழுதாகத் தடவி அழுத்தப் பொறியில் ஓட்டலாம். அறை முழுக்கத் தைல வாடை அடிக்கும், அவ்வளவுதான். இங்க்ஜெட் படத்தில் டோனர் கிடையாது, இளக ஒன்றுமில்லை.

குறிப்பில் இதையும் சேருங்கள்: அசிட்டோன் ஆவி மிக எளிதில் தீப்பிடிக்கும். சன்னலைத் திறந்து வையுங்கள். ஊதுவத்தி, கொசுவத்தி எதுவும் அறையில் கூடாது. நைட்ரைல் கையுறை அசிட்டோனுக்குத் தாங்காது, பியூட்டைல் ரப்பர் வேண்டும். பிளாஸ்டிக் கோப்பை வேண்டாம், கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து:

அக்கா, 'இளக்கு' சரி. 'ஒற்று' மட்டும் இடிக்கிறது. அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரவுசென்பர்க், இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தில் வரும் நரகப் பகுதிக்கு 1958 முதல் 1960 வரை இதுபோன்ற கரைப்பான் முறையில் செய்த 34 படங்களில் தேய்த்த கோடுகள்தானே கண்ணில் படுகின்றன? 'இளக்குத் தேய்ப்பு' என்றால்?

பினாங்கிலிருந்து:

கோடு கருவியின் தடம். அழுத்தப் பொறியில் ஓட்டினால் கோடே விழாது. ஆனாலும் முறை அதேதான். இரண்டுக்கும் பொது, ஒரு பரப்பை இன்னொன்றோடு சேர்த்து அழுத்துவது. அதைத்தான் ஒற்றுதல் என்கிறோம்.

'அச்சு' என்பதையும் விட்டுவிடச் சொல்வேன். அச்சு என்றால் ஒன்றுபோல் பல படிகள் என்று நினைப்பார்கள். இங்கே டோனர் மூலத்தாளை விட்டுப் போய்விடுகிறது. அதே தாளை மறுபடி ஒற்றினால் நிழல்தான் கிடைக்கும். கலைஞர் நாலைந்து படங்களை ஒரே தாளில் அடுக்கும்போது புதிய கரைப்பான் பழைய படத்தையும் இளக்கிக் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வரும். ஒவ்வொன்றும் தனிப்படம் ஆவது அதனால்தான்.

கோலாலம்பூரிலிருந்து:

சரி, இளக்கொற்று. லெபு பாசார் தெருவிலுள்ள கடைப் பலகையின் படத்தை ஒற்றினால் தமிழெழுத்து இடவலம் மாறும் அல்லவா, போட்டோஸ்டாட் எடுக்குமுன்பே படத்தைத் திருப்பிவிட வேண்டும் என்றும் எழுதுகிறேன். அந்த வரியில் எந்தத் தாள் எது என்று குழம்புகிறது. படத்தை இழக்கும் தாள் தருதாள், வாங்கும் தாள் பெறுதாள். ஒத்துக்கொள்வீர்களா?

பினாங்கிலிருந்து:

ஒத்துக்கொள்கிறேன். மேலே நான் 'மூலத்தாள்' என்றதையும் தருதாள் என்றே மாற்றிக்கொள்ளுங்கள்.