சீலியாக் நோய், ஃபெரிட்டின் 9: உடற்பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

தளிர்நடை கேட்டது:

வணக்கம். வயது 36, பெண். எண்டோஸ்கோபியில் சீலியாக் (குளூட்டன் பட்டால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும் நோய்) உறுதியாகி ஐந்து மாதம். அன்றிலிருந்து குளூட்டன் (கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள புரதம்) அறவே இல்லை. வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது, எடை 4 கிலோ ஏறியிருக்கிறது. போன வாரப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.8, ஃபெரிட்டின் (உடலின் இரும்புக் கையிருப்பு) 9, வைட்டமின் டி 14. டிடிஜி (சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள்) பாதியாகக் குறைந்திருக்கிறது, இன்னும் இயல்புக்கு வரவில்லை. இரும்பு மாத்திரை இப்போதுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டு மாடி ஏறினாலே தொடை கனக்கிறது, படபடப்பு வருகிறது. இந்த நிலையில் பயிற்சி தொடங்கலாமா, ரத்தம் ஏறும்வரை காத்திருக்க வேண்டுமா? எலும்பு மெலிந்திருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் எடை தூக்கவே கூடாதா? புரோட்டீன் பவுடர் எடுத்துக்கொள்ளலாமா?

நாடிக்கணக்கு எழுதியது:

காரணம் உங்கள் எண்களிலேயே இருக்கிறது. இரும்பு பெரும்பாலும் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினத்தில். சீலியாக் முதலில் கை வைப்பதும் அங்கேதான். ஃபெரிட்டின் 9 என்றால் கிடங்கு காலி. ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்க ஆள் குறைவு என்பதால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது. தசைக்குள் ஆற்றல் உண்டாவதற்கும் இரும்பு தேவை, அதனால் தொடை கனக்கிறது. இது சோம்பல் இல்லை, பழக்கமின்மையும் இல்லை. யாராவது "பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் சரியாகிவிடும்" என்றால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

காத்திருக்க வேண்டாம், ஆனால் இதயத்துக்கான பயிற்சியை இப்போதைக்கு நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சமதளத்தில் 10 நிமிடம், காலையும் மாலையும், வாரம் ஐந்து நாள். அளவுகோல் உங்கள் பேச்சு: நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும். கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பு மண்டலங்களை இப்போதைக்கு நம்பாதீர்கள். ரத்தசோகையில் துடிப்பு ஏற்கெனவே மேலே நிற்கும், கணக்கு பிழையாகும். வாரத்துக்கு 2 அல்லது 3 நிமிடம் கூட்டினால் போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடம் என்பது போய்ச் சேர வேண்டிய இடம், புறப்படும் இடமல்ல. ஓட்டமும் ஹெச்ஐஐடி போன்ற வேகப் பயிற்சிகளும் ஹீமோகுளோபின் 12 தாண்டிய பிறகு (ஆண்களுக்கு 13).

காலையில் கண் விழித்ததும், எழுவதற்கு முன், மணிக்கட்டில் விரல் வைத்து 60 விநாடி நாடி எண்ணிக் குறித்து வையுங்கள். ஒரு வாரச் சராசரியைவிட 10 கூடுதலாக இருந்தால் அன்று மெதுநடை மட்டும். நெஞ்சு வலி, கண் இருட்டுவது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மாத்திரை எடுக்கும் நேரமும் முக்கியம். கடும் பயிற்சிக்குப் பின் 3 முதல் 6 மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறும். அது ஏறியிருக்கும்போது குடல் இரும்பை உள்ளே விடாது. ஆகவே காலையில், நடைக்கு முன்போ முடித்த அரை மணிக்குள்ளோ போட்டுவிடுங்கள். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் கூடவே வேண்டாம். இரண்டு மணி நேரமாவது தள்ளி.

எடைக்கல் எழுதியது:

எலும்பு பற்றி. முதலில் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதில் டி-ஸ்கோர் (இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்ட எண்) -1 முதல் -2.5 வரை என்றால் அடர்த்தி குறைந்திருக்கிறது, -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. இது மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் 50 வயது கடந்த ஆண்களுக்கும் வகுத்த கணக்கு. உங்கள் வயதில் இசட்-ஸ்கோரைத்தான் (அதே வயதினரோடு ஒப்பிட்ட எண்) முக்கியமாகப் பார்ப்பார்கள். எண் எதுவானாலும் "எடையே தூக்காதே" என்பது தவறான முடிவு. எலும்பின் மேல் பாரம் விழுந்தால்தான் எலும்பு வலுக்கும். ஆனால் வைட்டமின் டி 14-இல் நிற்கும்போது, கட்டுவதற்குச் சுண்ணாம்பு இல்லாமல் கொத்தனாரை மட்டும் வரவழைத்த மாதிரி. வைட்டமின் டி 20-க்கு மேல் வரும்வரை உடல் எடையும் ரப்பர் பட்டையும் போதும். கால்சியம் உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1000 மி.கி.; மாத்திரையாக என்றால் ஒரு வேளைக்கு 500-க்கு மேல் வேண்டாம், மொத்தமாகப் போட்டால் உறிஞ்சும் விகிதம் குறைந்துவிடும்.

முதல் எட்டு வாரம், வாரம் இரண்டு நாள்: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, பட்டையை மார்புக்கு இழுப்பது, குதிகால் உயர்த்துவது, இடுப்பு மடிப்பு. ஒவ்வொன்றும் 8 முதல் 10 தடவை, இரண்டு செட். இன்னும் இரண்டு மூன்று தடவை செய்ய முடியும் என்று தோன்றும்போதே நிறுத்த வேண்டும்.

இவற்றில் இடுப்பு மடிப்பைத்தான் அதிகம் பேர் தவறாகச் செய்கிறார்கள். ஒரு நேரான கம்பை முதுகோடு ஒட்டிப் பிடியுங்கள். அது பின்னந்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு என்று மூன்று இடத்தில் தொட வேண்டும். முட்டியை லேசாகத் தளர்த்தி, பின்பக்கத்தால் ஒரு கதவைத் தள்ளிச் சாத்துவதுபோல இடுப்பைப் பின்னால் கொண்டுபோங்கள். கம்பு வால் எலும்பிலிருந்து விலகினால் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். அங்கேயே நின்று திரும்புங்கள், அதுதான் இன்றைக்கு உங்கள் எல்லை. அடர்த்தி குறைந்த முதுகெலும்பு நொறுங்குவது பெரும்பாலும் முன்னால் வளைந்த நிலையில் பாரம் ஏறும்போதுதான். அதே காரணத்தால் படுத்து எழும் சிட்-அப், பாரத்தோடு குனிந்து திரும்புவது இரண்டையும் டெக்ஸா முடிவு வரும்வரை தொடாதீர்கள்.

சீலியாக்கோடு தோலில் கொப்புளம் வரும் டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் உள்ளவர்களுக்கு முழங்கையும் முட்டியும்தான் அதிகம் அரிக்கும். முன்கையை ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பிளாங்க் பயிற்சியை உள்ளங்கை ஊன்றிச் செய்தால் உரசல் இராது.

சல்லடை எழுதியது:

பவுடர் கட்டாயமில்லை. வலுப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் போதுமானது. அது உணவிலேயே வந்தால் பவுடரை மறந்துவிடலாம்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் லேபிளில் "கோதுமை இல்லை" என்பதும் "குளூட்டன் இல்லை" என்பதும் வேறு வேறு. கோதுமை இல்லாத பொருளில் பார்லி மால்ட் இருக்கலாம். சாக்லேட் சுவைப் பவுடர்களிலும் எனர்ஜி பார்களிலும் அதை முதலில் தேடுங்கள். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவு அளவுகோல்படி குளூட்டன் இல்லை என்று எழுத, கிலோவுக்கு 20 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. மூடியிருந்த டப்பாவைத்தான் வாங்க வேண்டும். மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுப்பது வேண்டாம்.

பவுடர் சுத்தமாக இருந்தும் வயிறு உப்புகிறதா? சிறுகுடலின் உள்சுவரில் விரல்போல நீட்டியிருக்கும் விரலிகளின் நுனியில்தான் பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி உண்டாகிறது. சீலியாக்கில் தேய்ந்த விரலிகள் மீண்டும் முழுதாக வளராதவரை பால் சர்க்கரை சரியாகச் செரிக்காது. வே (பால் புரதம்) பவுடரில் கான்சன்ட்ரேட் வகையில் அது கணிசமாக உண்டு, இன்னும் சுத்திகரித்த ஐசோலேட் வகையில் மிகக் குறைவு. சார்பிட்டால், மால்டிட்டால் என்ற இனிப்பூட்டிகளோ இனுலின் என்ற நார்ச்சத்தோ சேர்த்த பார்களும் இதே மாதிரி உப்புசம் தரும். அதைக் குளூட்டன் பட்டுவிட்டது என்று நினைத்துப் பயப்படுபவர்கள் நிறையப் பேர்.

ஷேக்கர் உங்களுக்கென்று தனியாக இருக்கட்டும். மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை வாரம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள், அடியில் பழைய பவுடர் பசையாக ஒட்டியிருக்கும். பொது மிக்சி வேண்டவே வேண்டாம்.

தளிர்நடை:

எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். தெரியாமல் குளூட்டன் உள்ளே போய்விட்டால் எத்தனை நாள் பயிற்சியை நிறுத்த வேண்டும்? வியர்த்தால் சீக்கிரம் வெளியேறும் என்று ஒருவர் சொன்னார். அடுத்தது, இரும்பு மாத்திரை போட்டால் குமட்டுகிறது.

நாடிக்கணக்கு:

வியர்வையில் குளூட்டன் வெளியேறாது. குடலில் தொடங்கிய அழற்சியை நடையோ ஓட்டமோ நிறுத்தாது. கடும் பயிற்சியின்போது ரத்தம் குடலிலிருந்து தசைக்குத் திரும்புவதால் ஏற்கெனவே புண்பட்ட குடலுக்கு அது கூடுதல் சிரமம்.

இத்தனை நாள் என்று ஒரே எண் கிடையாது, அறிகுறியைப் பாருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும்வரை முழு ஓய்வு. ஓஆர்எஸ் கரைசல் குடியுங்கள், வெறும் தண்ணீரில் உப்பு ஈடாகாது. மலம் கட்டியாகி, சாப்பாடு தங்கி 24 மணி நேரம் ஆனபின் நடை. அது சரியாகப் போனால் மறுநாள் வழக்கத்தில் பாதி எடை, பாதி செட். பலர் விட்டதைப் பிடிக்கிறேன் என்று இங்கேதான் அவசரப்பட்டு மறுபடி படுக்கிறார்கள். ஒரு வாரம் விட்டால் தசை கரைந்துவிடாது.

குமட்டலுக்கு: ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு மாத்திரைக்குப் பிறகு ஹெப்சிடின் சுமார் ஒரு நாள் உயர்ந்தே இருக்கும், மறுநாள் மாத்திரையில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் குடலில் தங்கித்தான் தொல்லை தருகிறது. அட்டையில் இருக்கும் அளவும் குழப்பும்: ஃபெரஸ் ஃப்யூமரேட் 200 மி.கி. என்றால் அதில் இரும்பு சுமார் 65 மி.கி.தான். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கூட ஏறவில்லை என்றால் குடல் இன்னும் சரியாக உறிஞ்சாமல் இருக்கலாம். ஊசி வழி இரும்பு பற்றிப் பேச வேண்டிய நேரம் அது. பெரியவர்களுக்கு விரலிகள் முழுதாக வளர இரண்டு வருடத்துக்கு மேலும் ஆகலாம், ஐந்து மாதத்தை வைத்து மனம் தளர வேண்டாம்.

எடைக்கல்:

ஒன்று விட்டுப்போனது. கண்ணைத் திறந்தபடி ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்க முடிகிறதா பாருங்கள், அலமாரி விளிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முடியவில்லை என்றாலோ, பாதம் மரத்துப்போனாலோ, இருட்டில் தள்ளாடினாலோ அதை ரத்தசோகைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சீலியாக் நரம்பையும் சிறுமூளையையும் தொடுவதுண்டு. பி12, ஃபோலேட், தாமிரம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு தெரியும்வரை ட்ரெட்மில் வேண்டாம், தரையில் நடங்கள்.