புதுப்பிப்பு: பைபாஸுக்குப் பிறகு அப்பாவின் குழப்பமும் வீக்கமும்

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. பைபாஸ் முடிந்து ஐசியுவில் அப்பா சம்பந்தமில்லாமல் பேசுகிறார், முகமும் காலும் வீங்கியிருக்கின்றன, அறுவையின்போது இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரம்தான் காரணமா என்று கேட்டிருந்தேன். இப்போது வீட்டில் இருக்கிறார், பேச்சில் பழைய நக்கல்கூட வந்துவிட்டது.

குழப்பத்துக்குக் கைகொடுத்தது, "கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிடுங்கள், பகலில் விழித்திருக்க வையுங்கள்" என்ற யோசனை. நர்ஸிடம் கேட்டுத்தான் செய்தோம். இரவுத் தூக்கம் திரும்பியதும் மெல்லத் தெளிந்தார். இதை டெலிரியம் என்கிறார்கள். இயந்திரத்தை மட்டும் டாக்டர் குறை சொல்லவில்லை. வயது, வலி மருந்துகள், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்தது என்றார்.

வீக்கத்தில் இயந்திரத்துக்கு நேரடிப் பங்கு உண்டு. ரத்தம் அதன் பிளாஸ்டிக் குழாய்களில் படும்போது உடல் முழுக்க அழற்சி கிளம்பி, நுண்ணிய ரத்தக்குழாய்கள் நீரைக் கசியவிடுகின்றன. தவிர, பெரியவர்களுக்கு இயந்திரத்தை முதலில் நிரப்பவே சுமார் 1 முதல் 1.5 லிட்டர் திரவம் போகும். அது ரத்தத்தோடு கலந்து நீர்க்கச் செய்வதால் ஹீமோகுளோபினும் இறங்குகிறது. (ரிப்போர்ட்டைப் பார்த்து நாங்கள் பதறியது தனிக்கதை.) சிறுநீர் போக மருந்து கொடுத்து, தினமும் எடை பார்த்தார்கள், வீக்கம் வடிந்தது.

எதிர்பாராத ஒன்று: நடுவில் இதயத்துடிப்பு தாறுமாறானது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதய அறுவைக்குப் பின் 2 முதல் 4 நாளில் பலருக்கு வருமாம். மருந்திலேயே அடங்கியது. வீட்டுக்கு வந்தபின் படபடப்பு வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.